ஆர்விக்கு எந்தக் கொட்டகை? வடக்கு டெக்சாஸில் ஓர் ஒப்பீடு

சென்ற மார்ச் மாதம் எங்கள் ஆர்வியின், அதாவது லாரியின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான டிரெய்லரின், கூரையைப் பார்வையிட ஏணி வைத்து ஏறி, மேலே கையை ஊன்றி எழுந்தபோது, என் உள்ளங்கை சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தது. கூரையின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் ரப்பர் விரிப்பு வெயிலில் காய்ந்து காய்ந்து தன் மேற்புறத்தைப் பொடியாக உதிர்த்துக்கொண்டிருந்தது. காற்றுப்போக்கியின் பிளாஸ்டிக் மூடியை விரலால் தட்டினேன்; அப்பளம் நொறுங்குவதுபோல் அதன் ஓரம் உடைந்து கையோடு வந்துவிட்டது. மூடியைச் சுற்றிப் பூசியிருந்த பசையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. நான்கு கோடைகள் வெட்டவெளியில் நின்ற வண்டியின் நிலை இது. பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசினேன், மூடியை மாற்றினேன். அதற்கு மேலும் அந்த வண்டியை வானத்தின் கீழ் விட்டுவைக்க மனம் வரவில்லை.

டாலஸுக்கு வடகிழக்கே, நகர எல்லையைத் தாண்டி, ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலத்தில் குடியிருக்கிறோம். கொட்டகை போட இடமும் உரிமையும் இருந்தன. எந்தக் கொட்டகை என்பதுதான் பல மாதங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. விற்பவர்கள் கூரையின் வடிவத்தையும் நிறத்தையும் முன்னால் வைத்துப் பேசுகிறார்கள். ஒவ்வொன்றையும் அலசிப் பார்த்தபின் எனக்குப் பட்டது வேறு: பணத்தை உயரத்திலும் அடித்தளத்திலும் போட வேண்டும், சுவரில் அல்ல. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் காரணங்களோடு எழுதிவைத்தால், இதே முடிவை எடுக்கவிருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும்.

முதலில், எதற்கு எதிராகக் கூரை போடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த வட்டாரத்தில் வண்டிக்கு எதிரிகள் மூன்று. ஒன்று வெயில்; ரப்பர் கூரை, பசை, டயர், பக்கவாட்டு நிறப்பட்டைகள் எல்லாவற்றையும் அது மெதுவாகத் தின்கிறது. டயரின் பூ தேயாமலே, ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் அதன் பக்கச்சுவர் வெடித்துவிடுவதற்கு வயதோடு வெயிலும் காரணம். இரண்டாவது ஆலங்கட்டி மழை. மார்ச்சிலிருந்து ஜூன் வரை அது எப்போது வேண்டுமானாலும் வரும். 1995 மே 5 அன்று ஃபோர்ட் வொர்த் நகரில் மேஃபெஸ்ட் திருவிழாவின்மீது சாஃப்ட்பால் அளவுக்கு ஆலங்கட்டிகள் விழுந்து, திறந்தவெளியில் நின்றவர்கள் பலர் காயமடைந்ததை இங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். மூன்றாவது காற்று. முதல் இரண்டும் வண்டியைத் தாக்குபவை. காற்று கொட்டகையையே தாக்குவது. கொட்டகையை வாங்கும்போது பலரும் வெயிலையும் கல்மழையையும் நினைத்து வாங்கிவிட்டுக் காற்றை மறந்துவிடுகிறார்கள்.

இவை போக, காலடியில் ஒன்று இருக்கிறது. இங்குள்ள மண் கருப்பு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மழையில் ஊறிப் பொதுமுகிறது, கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிறது. அந்த மண்ணும் இந்த மண்ணும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அதன்மேல் எதை நட்டாலும் அது ஆண்டுதோறும் ஏறி இறங்கும்.

அடுத்தது அளவு. வண்டியின் பெயரில் இருக்கும் எண்ணை நம்பக்கூடாது. அது பெரும்பாலும் உடற்பகுதியின் நீளத்தையொட்டி வைக்கப்பட்ட எண். முன்னால் நீளும் இழுவைக் கொக்கியையும் பின்னால் இருக்கும் பம்பரையும் சேர்த்தால் மூன்று நான்கு அடி கூடிவிடும். எங்களுடையது கொக்கி முனையிலிருந்து பின்முனை வரை 30 அடி 8 அங்குலம். உயரத்தை அளக்க, ஏசியின் உச்சிமேல் ஒரு நீளமான பலகையைக் கிடத்தி, ரசமட்டம் வைத்து நேர்ப்படுத்தி, பலகையின் வெளிமுனையிலிருந்து தரைவரை நாடா பிடித்தோம். 11 அடி 2 அங்குலம் வந்தது. தண்ணீர்த் தொட்டியும் பெட்டிகளும் காலியாக இருந்தால் வண்டி வில்லின்மேல் சற்று எழும்பி நிற்கும் என்பதால், அளக்கும்போது வண்டி காலியாக இருப்பதே பாதுகாப்பு. நாளை கொட்டகைக்குள் 4 அங்குலம் ஜல்லி கொட்டினால் அந்த 4 அங்குலமும் உயரத்திலிருந்துதான் கழியும்.

டிராவல் டிரெய்லர்கள் பொதுவாகப் பத்து முதல் பதினொன்றரை அடி உயரம் இருக்கும். லாரியின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் வகையும் பேருந்து போன்ற பெரிய மோட்டார் வீடுகளும் 13 அடியை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அகலம் எட்டு, அல்லது எட்டரை அடி. பக்கவாட்டில் வெளியே தள்ளும் அறை இருந்தால் அந்தப் பக்கம் மேலும் மூன்றடி. அடுத்து வாங்கப்போகும் வண்டி இதைவிடச் சிறியதாக இருக்காது என்பது இந்தப் பழக்கத்தில் விழுந்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே இன்றைய வண்டிக்கு மட்டும் அளந்து கொட்டகை வாங்குவது ஐந்து ஆண்டுகளில் தவறாகிவிடும்.

இனி வழிகளைப் பார்க்கலாம். மிகக் குறைந்த செலவு, வண்டிக்குத் தைத்த துணி உறை. காற்றில்லாத இடத்தில், குளிர்காலம் முழுவதும் வண்டியைத் தொடாமல் நிறுத்திவைப்பவர்களுக்கு அது பொருந்தலாம். இந்தச் சமவெளியில் காற்று நிற்பதே இல்லை. தளர்ந்த உறை நாள்முழுதும் படபடத்து, வண்டியின் மூலைகளில் வண்ணத்தை அரம்போல் தேய்த்துவிடுகிறது. கல்மழையை அது தடுக்காது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு கூரையேறி அதை உருவ வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகவே நாங்கள் அதை ஒதுக்கினோம்.

குழாய்ச் சட்டகத்தின்மேல் பாலித்தீன் துணி போர்த்திய கூடாரம் அடுத்தது. ஒரு வாரக் கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து நிறுத்திவிடலாம். எங்கள் தெருவின் கோடியில் இருக்கும் பெரியவர் ஒருவர் அப்படி ஒன்றை வைத்திருந்தார். மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் பெய்த கல்மழைக்குப் பிறகு அதைப் போய்ப் பார்த்தேன்: துணி கிழிந்து தொங்கவில்லை, ஆனால் வானத்தை நோக்கிப் பார்த்தால் சல்லடை பிடித்ததுபோல் நூறு இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. வெயிலில் உறுதி இழந்த துணி, கல் பட்ட இடமெல்லாம் துளையாகிவிட்டது. துணியை மாற்றிக்கொண்டே இருக்கலாம், சட்டகம் இருக்கிறதே என்று சொல்வார்கள். அந்தச் சட்டகத்தின் குழாய்கள் மெல்லியவை. 2021 பிப்ரவரியில் வந்ததுபோன்ற உறைபனி வாரத்தில், தளர்ந்த துணியின் பள்ளத்தில் பனியும் நீரும் தேங்கினால் குழாய் வளைந்து வண்டியின்மேலேயே இறங்கும். வாடகை வீட்டில் இருப்பவர், ஓரிரு ஆண்டுகளில் இடம்பெயரப்போகிறவர் தவிர வேறு யாருக்கும் இதை நான் சொல்லமாட்டேன்.

வீட்டுச் சுவரோடு ஒட்டிச் சாய்ப்பு இறக்குவது நம்மவர்களுக்கு உடனே தோன்றும் யோசனை. எங்களுக்கும் அதுதான் முதலில் தோன்றியது. கணக்குப் போட்டவுடன் அது விழுந்துவிட்டது: ஒற்றைத்தள வீட்டின் கூரை விளிம்பு எட்டு ஒன்பது அடியில் முடிந்துவிடுகிறது, சாய்ப்போ அங்கிருந்து கீழ்நோக்கித்தான் சரியும், பதினோரடி வண்டி அதனடியில் நுழைய வழியே இல்லை.

நகர எல்லைக்குள், குறிப்பாகத் தமிழர்கள் திரளாக வாழும் ஃபிரிஸ்கோ, பிளேனோ போன்ற இடங்களின் புதிய குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே பெரும்பாலும் பொருந்தாது. குடியிருப்போர் சங்கத்தின் பத்திரவிதிகள் ஆர்வியைத் தெருவிலும் முற்றத்திலும் நிறுத்துவதையே தடுக்கின்றன. உயரமான கொட்டகைக்கு ஒப்புதல் கிடைப்பது அரிது. அவர்களுக்கு வாடகைக் கிடங்குதான் வழி. அங்கே மூன்று தரங்கள் உண்டு: திறந்தவெளி, மேற்கூரை மட்டும் உள்ளது, நான்கு பக்கமும் அடைத்தது. நடுவில் உள்ளதே போதுமானது. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு மாலை ஐந்து மணிக்கு அங்கே போய், வரிசையில் எந்த இடத்தின்மேல் வெயில் விழுகிறது என்று பார்த்துவிட வேண்டும். மேற்கு ஓரத்து இடம் கூரையிருந்தும் வெயிலில் காயும். வாடகை ஆண்டுக்காண்டு ஏறுவதையும், வண்டி கண்முன் இல்லாததால் சிறு கசிவுகூடப் பல வாரம் தெரியாமல் போவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சொந்த நிலம் உள்ளவர்களுக்கு உண்மையான போட்டி மூன்றுக்கிடையில்தான்: எஃகுக் குழாய்ச் சட்டகத்தில் தகரம் வேய்ந்த கார்போர்ட், மரத்தூண் நட்டு எழுப்பும் போல் பார்ன், நான்கு பக்கமும் சுவரும் உருட்டுக் கதவும் உள்ள முழுக் கட்டடம்.

எஃகுக் கார்போர்ட்டில் கூரை மூன்று விதமாக வருகிறது. விளிம்பில் வளைந்து இறங்கும் சாதாரண வகை மலிவானது. வளைவு தொடங்கும் இடத்தில் உயரம் குறைந்துவிடுவதால் உயரமான வண்டிக்கு அது ஒத்துவராது. இரண்டாவது, வீட்டுக் கூரைபோல் முகடு வைத்து, தகட்டின் மடிப்புகளை நீளவாக்கில் கிடத்திய வகை. மூன்றாவது, அதே முகட்டுக் கூரையில் மடிப்புகளை முகட்டிலிருந்து விளிம்பு நோக்கிச் செங்குத்தாக இறக்கிய வகை. பார்வைக்குப் பின்னிரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மழைநீர் ஓடும் விதத்தில்தான் வேறுபாடு. கிடைமட்ட மடிப்பின் ஒவ்வொரு வரப்பிலும் இலையும் தூசியும் தங்கி, ஈரம் காயாமல் நிற்கும். எங்கள் நிலத்தில் பெக்கான் மரமும் ஓக் மரமும் இருப்பதால் இது சிறு விஷயம் அல்ல. செங்குத்து மடிப்பில் எல்லாம் வழுக்கிக் கீழே போய்விடும். அந்தத் தகட்டைத் தாங்கச் சட்டகத்துக்குக் குறுக்காகக் கூடுதல் வாரிகளும் முகட்டுக்கு மூடியும் வேண்டும் என்பதால் விலை கூடுகிறது. அந்த வாரிகளே சட்டகங்களை ஒன்றோடொன்று பிணைத்து நீளவாக்கில் விறைப்பைத் தருவதால், 30 அடிக்கு மேல் நீளமுள்ள கொட்டகைக்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுப்பதே முறை.

விலைப்பட்டியலில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிடைமட்ட மடிப்பு வகையில் 36 அடி என்று எழுதியிருந்தால் அது கூரையின் நீளம். சட்டகம் 35 அடிதான், இரு முனையிலும் அரையடி கூரை நீண்டிருக்கும். செங்குத்து வகையில் சட்டகமும் கூரையும் ஒரே நீளம். இரண்டு விற்பனையாளர்களின் விலையை ஒப்பிடும்போது இந்த ஓரடி பலரைக் குழப்பியிருக்கிறது.

எஃகின் பருமனைக் குறிக்கும் கேஜ் எண் தலைகீழ்: எண் குறையக் குறையத் தடிப்பு கூடும். சட்டகக் குழாய் 14 கேஜ் அல்லது 12 கேஜ். முன்னது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், பின்னது அதைவிட முக்கால் மில்லிமீட்டர் தடிமன். கூரைத் தகடு 29 கேஜ் அல்லது 26 கேஜ். ஆலங்கட்டிக்கு எந்தத் தகடும் பள்ளம் விழத்தான் செய்யும். வண்டியின் ரப்பர் கூரையில் விழவேண்டிய அடியைத் தகடு வாங்கிக்கொள்கிறது என்பதே முக்கியம். ஆயினும் 26 கேஜ் கேட்டு வாங்குவது நல்லது. காற்று தூக்கும்போது திருகாணியின் தலையைச் சுற்றித் தகடு கிழிந்து வருவதை அந்தத் தடிப்பு தாமதப்படுத்துகிறது. திருகாணிகளின் அடியில் உள்ள ரப்பர் வளையங்கள் வெயிலில் சில ஆண்டுகளில் இறுகிவிடும் என்பதால், அவற்றைச் சுற்றிப் பார்த்து மாற்றும் வேலை எந்தத் தகரக் கூரைக்கும் தப்பாது.

அகலத்தில் கஞ்சம் பிடிக்கக்கூடாது. 12 அடி அகலக் கார்போர்ட்டை ஆர்விக்கென்றே விற்கிறார்கள். எட்டடி வண்டிக்கு இருபுறமும் இரண்டடி மிஞ்சும், பின்வாங்கி நிறுத்தவும் முடியும். ஆனால் கால்களும் கூரையும் சேரும் மூலையில் சாய்வாக ஒரு முட்டுச்சட்டம் வருகிறது. குறுகிய கொட்டகையில் அது வண்டியின் மேல்மூலைக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். பக்க அறையைத் திறந்து சுத்தம் செய்ய முடியாது, ஏணி சாய்க்கவும் இடமிராது. 18 அடி அகலம் எடுத்தால் இருபுறமும் ஐந்தடி கிடைக்கிறது. உயரத்தில் 14 அடிக் கால் எங்கள் வண்டிக்கு மிகையாகத் தோன்றலாம். வண்டியின் கூரையில் பசையை ஆண்டுக்கு இருமுறையாவது மண்டியிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை நினைத்தால் அது மிகையல்ல. வண்டியை நிறுத்த மட்டும் கொட்டகை போட்டு, பராமரிக்க ஒவ்வொரு முறையும் வெயிலுக்கு இழுத்துவருவது பாதிக் கொட்டகை வாங்கியதற்குச் சமம்.

மரத்தூண் கொட்டகையை நான் உள்ளூர விரும்பினேன். 6 அங்குலச் சதுர மரத்தூண்களை எட்டு முதல் பன்னிரண்டு அடி இடைவெளியில் நான்கடி ஆழம் புதைத்து, மேலே டிரஸ் எனப்படும் முக்கோணக் கூரைச்சட்டங்களை வைத்து, தகரம் வேய்வது. பக்கத்துப் பண்ணைகளில் பல பத்தாண்டுகளாக நிற்பவை அவைதான். தூண்கள் குறைவு, ஆகவே தோண்டும் குழிகளும் குறைவு. பிற்காலத்தில் ஒரு பக்கம் அலமாரி அடிக்கலாம், விளக்கு மாட்டலாம், ஒரு தூண் பழுதானால் உள்ளூர்த் தச்சரே மாற்றிவிடுவார். இரண்டு விஷயங்கள் எச்சரிக்கின்றன. மண்ணில் புதையும் மரத்துக்கென்று மருந்தேற்றிய மரத்தையே வாங்க வேண்டும். கடையில் குவித்திருக்கும் மருந்தேற்றிய மரமெல்லாம் அந்தத் தரம் அல்ல, முனையில் அடித்திருக்கும் சீட்டைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். மற்றொன்று, வண்டி நுழையும் உயரம் முகட்டைப் பொறுத்ததல்ல. டிரஸின் கீழ்ச்சட்டத்தைப் பொறுத்தது. வரைபடத்தில் 16 அடி முகடு என்று பார்த்து மகிழ்ந்து, கீழ்ச்சட்டம் 12 அடியில் ஓடுவதைப் பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு. மரவேலை தெரிந்தவர், அல்லது நம்பகமான தச்சர் கையில் இருப்பவர், இதையே தேர்ந்தெடுத்தால் நான் மறுக்கமாட்டேன்.

இரண்டு கப்பல் பெட்டகங்களை இருபுறமும் வைத்து நடுவே வளைவுக் கூரை போடும் முறையும் இப்போது பரவிவருகிறது. நாற்பதடிப் பெட்டகம் வெறுமனே 8,000 பவுண்டு எடையோடு தானே நங்கூரமாக அமர்ந்துகொள்ளும், பூட்டிவைக்க அறையும் கிடைக்கும். உயரமான வகைப் பெட்டகம்கூட ஒன்பதரை அடிதான் என்பதால் வண்டியின் ஏசி வளைவின் உச்சிக்கு நேராக மட்டுமே தப்பும். நிலத்தின் அழகு கெடுவது வேறு.

முழுக் கட்டடம் வேண்டுமென்று என் மனைவி தொடக்கத்தில் சொன்னாள். திருட்டு, எலி, தூசி, பக்கவாட்டில் அடிக்கும் கல் எல்லாவற்றுக்கும் அதுவே பதில் என்பது உண்மை. செலவு திறந்த கார்போர்ட்டைப்போல் பலமடங்கு. கான்கிரீட் தளம், 14 அடி உருட்டுக் கதவு, சொத்துவரி மதிப்பீட்டில் ஏறும் தொகை எல்லாம் சேரும். செலவைத் தாங்க முடிந்தாலும் இன்னொன்று இருக்கிறது. அடைத்த தகரக் கட்டடம் ஆகஸ்ட் மாதம் அடுப்பாகிறது. குளிர்காலத்து விடியலில் தகட்டின் உட்புறம் வியர்த்துச் சொட்டுகிறது. முகட்டில் காற்றுவழி, தகட்டின் அடியில் காப்புப் படலம் இரண்டையும் சேர்க்காவிட்டால், வெயிலில் கெட வேண்டியது ஈரத்தில் கெடும். திறந்த கொட்டகையில் காற்று ஊடாடுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மோட்டார் வீட்டில் பெரும் பணம் போட்டவர்களுக்கும், மாதக்கணக்கில் ஊரில் இல்லாதவர்களுக்கும் முழுக் கட்டடம் தகும். எங்களைப்போல் மாதம் ஒருமுறையாவது வண்டியை எடுப்பவர்களுக்கு அது தேவைக்கு மீறியது.

முழுதாக அடைக்கவும் வேண்டாம், முழுதாகத் திறக்கவும் வேண்டாம், மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்து விடலாமே என்பது எல்லோருக்கும் எளிதில் எட்டும் நடுவழி. இங்கேதான் காற்றைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு பக்கமும் திறந்த கொட்டகையில் காற்று கூரைக்கு மேலும் கீழும் கடந்து போய்விடும். மூன்று பக்கம் அடைத்ததில், திறந்த வாயை நோக்கி வரும் காற்று உள்ளே புகுந்து வெளியேற வழியின்றிக் கூரையைக் கீழிருந்து உந்துகிறது. அதே நேரம் மேலே ஓடும் காற்று கூரையை உறிஞ்சி இழுக்கிறது. இரண்டும் ஒரே திசையில் சேர்கின்றன. பொறியாளர்கள் கணக்கிடும் உள்ளழுத்தம், முழுக்க அடைத்த கட்டடத்தைவிட இத்தகைய பாதி அடைத்த கட்டடத்தில் மூன்று மடங்குக்கும் அதிகம். திறந்த கார்போர்ட்டாகக் காற்றைத் தாங்கும் என்று சான்றிதழ் பெற்று வாங்கிய ஒன்றுக்கு, இரண்டு ஆண்டு கழித்துத் தாமாகவே தகரம் அடித்து மூன்று பக்கம் மூடுகிறவர்கள், அந்தச் சான்றிதழைத் தங்கள் கையாலேயே செல்லாததாக்குகிறார்கள்.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மணிக்கு 90 மைல் வேகக் காற்றின் அழுத்தம் சதுர அடிக்கு ஏறத்தாழ 20 பவுண்டு. 18 அடிக்கு 36 அடி என்றால் கூரைப் பரப்பு 648 சதுர அடி. அந்த அழுத்தத்தில் பாதியளவு மேல்நோக்கிச் செயல்பட்டாலே 6,000 பவுண்டைத் தாண்டுகிறது. கால்களை மண்ணில் அறைந்த இரும்புக் கம்பிகள் மட்டும் பிடித்திருக்க, அந்த மண்ணோ கோடையில் வெடித்து விலகி நிற்கும் கரிசல். சேர்த்துக்கொடுக்கும் கம்பி நங்கூரத்தை நம்பி விடுவதை நான் கடுமையாக மறுப்பது இதனால்தான். திருகுபோல் மண்ணில் இறங்கும் நங்கூரம் அதைவிட மேல். 18 அங்குல விட்டத்தில் நான்கடி ஆழத்துக்கு வார்த்த கான்கிரீட் குழித்தூண் எல்லாவற்றிலும் மேல். ஒவ்வொன்றும் 1,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ளது. அதை வார்க்கும்போது குழியின் வாய் அகன்று, கான்கிரீட் காளான் குடைபோல் விரிந்துவிடாமல், மேற்பகுதிக்கு அட்டைக் குழாய் வைத்து நேராக வார்க்க வேண்டும். விரிந்த குடையின் அடியில் ஊறிய கரிசல் பொதுமி அதைக் கிளப்பிவிடும். தோண்டும் முன் 811 என்ற எண்ணுக்கு அழைத்தால், நிலத்தடியில் போகும் எரிவாயு, மின் பாதைகளை வந்து குறித்துத் தருவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

அப்படியானால் சாய்வாக வரும் கல்மழைக்கு என்ன செய்வது? பக்கச் சுவர் முழுவதும் வேண்டாம்; கூரை விளிம்பிலிருந்து மூன்றடி மட்டும் தகடு இறக்கினால் போதும். விளிம்பு 14 அடியில் இருக்கிறது, வண்டியின் பக்கம் அதிலிருந்து ஐந்தடி உள்ளே இருக்கிறது. 45 பாகைச் சாய்வில் வரும் கல், தகடு இல்லாதபோது வண்டியின் பக்கத்தில் ஒன்பதடி உயரத்தில் அடிக்கும். மூன்றடித் தகடு இருந்தால் ஆறடிக்குக் கீழேதான் அடிக்கும். கூரை, ஏசி, சுருட்டிவைத்த பந்தல் துணி மூன்றும் தப்பிவிடுகின்றன. கீழே பதினோரடி திறந்திருப்பதால் காற்றுக்கும் வழியிருக்கிறது. இந்தத் தகட்டையும் முதலிலேயே சேர்த்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்த வட்டாரத்துக்கு மணிக்கு 115 மைல் காற்றைத் தாங்கும் சான்றிதழுக்குக் குறைந்த எதையும் வாங்கக்கூடாது.

திசையும் விலையில்லாமல் கிடைக்கும் ஒரு பாதுகாப்பு. டாலஸ் ஏறத்தாழ 33 பாகை வடக்கு அகலாங்கில் இருக்கிறது. ஜூன் நண்பகலில் சூரியன் 80 பாகை உயரத்தில் தலைக்கு மேல் நிற்கும்; கூரை போதும். மாலையில் மேற்கே தாழ்ந்து வரும் வெயிலைக் கூரை தடுக்காது. கொட்டகையின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்தால் அந்த மாலை வெயில் வண்டியின் குறுகிய பின்புறத்தில் மட்டும் படும். வடக்கு தெற்காக வைத்தால் முப்பதடிப் பக்கமும் டயர்களும் காயும்.

கூரைக்குள் போனபின் வண்டியின்மேல் இருக்கும் சூரியத் தகடுகள் வேலை செய்யா என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். கொட்டகைக் கூரையின் தென்சரிவில் ஒரு சிறிய தகட்டை வைத்து மின்கலத்துக்குக் கம்பி இழுக்கலாம். அல்லது மின்னிணைப்புக் கொடுக்கலாம். இணைப்புக் கொடுப்பதானால் மின்பணியாளரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது ஒன்று: 30 ஆம்பியர் டிரெய்லர் இணைப்பு 120 வோல்ட். துணி உலர்த்தியின் இணைப்புபோல் தோன்றுவதால் 240 வோல்ட் கொடுத்துவிடும் தவறு பலமுறை நடந்திருக்கிறது. செருகிய அந்த நொடியே உள்ளிருக்கும் கருவிகள் கருகிவிடும்.

இவற்றையெல்லாம் வைத்து நாங்கள் முடிவு செய்திருப்பது: செங்குத்து மடிப்புக் கூரை, 18 அடி அகலம், 35 அடி நீளம், 14 அடிக் கால், 12 கேஜ் சட்டகம், 26 கேஜ் தகடு, இருபக்கமும் விளிம்பிலிருந்து மூன்றடித் தகடு, ஒவ்வொரு காலுக்கும் கான்கிரீட் குழித்தூண். தரைக்குக் கான்கிரீட் தளம் இல்லை, ஜல்லிதான்; கரிசலின்மேல் தளம் வெடிக்கும், ஜல்லியை வாரி நிரவிக்கொள்ளலாம். கொட்டகையின் விலையில் கணிசமான ஒரு பங்கு குழித்தூண்களுக்கே போகிறது. அதைக் குறைத்துச் சுவர் அடிக்கலாம் என்று வந்தவர் ஒருவர் சொன்னார், நாங்கள் இசையவில்லை.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை, கொட்டகை வரும் இடத்தில் நான்கு முளைகள் அடித்துக் கயிறு கட்டி, வண்டியைப் பின்வாங்கி நிறுத்திப் பார்த்தோம். மனைவி பின்னால் நின்று கைகாட்ட, மூன்றாம் முறைதான் கயிற்றைத் தொடாமல் உள்ளே போனது. இழுக்கும் லாரி திரும்புவதற்கு வாயிலின் தென்பக்கம் இடம் போதவில்லை, ஓக் மரத்தின் கிளை ஒன்றும் குறுக்கே வந்தது. மரத்தை வெட்டாமல், கொட்டகை முழுவதையும் வடக்கே ஆறடி நகர்த்தி முளைகளை மீண்டும் அடித்து, அண்டை நிலத்து எல்லைக்கு விடவேண்டிய இடைவெளி இன்னும் மிச்சமிருக்கிறதா என்று நாடா பிடித்துச் சரிபார்த்தோம். இப்போது ஆர்டர் படிவத்தோடு இணைத்திருக்கும் வரைபடத்தில் இருப்பது அந்த இரண்டாவது முளைகளின் அளவு.